டிராவெட் பாப்பா, பாலக்காட்டு வெயில்: மார்ச்சுக்குள்ள என்னென்ன தயார் பண்ணோணும்?

கொழிஞ்சாம்பாறை_அம்மா:

பாப்பாவுக்கு 1 வயசு 5 மாசம், எடை 10.2 கிலோ. ஜீன் டெஸ்ட்டில் எஸ்.சி.என்.1ஏ மாற்றம் இருக்கு, டிராவெட் சிண்ட்ரோம்தான்னு (ஜீன் கோளாறால வர்ற, காய்ச்சல்லயும் சூட்டுலயும் கெளம்பற கடுமையான வலிப்பு நோய்) உறுதியாச்சு. முதல் வலிப்பு ஆறாவது மாசம் காய்ச்சலோட வந்தது, இடது பக்கம் மட்டும், 25 நிமிஷம். அடுத்தது வலது பக்கம். எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. ரெண்டும் நார்மல்.

இப்ப குடுக்கறது வால்ப்ரோயேட் சிரப் (5 மி.லி.யில் 200 மி.கி.) காலையில 3.5 மி.லி., ராத்திரி 3.5 மி.லி. கிளோபசம் காலையில 2.5 மி.கி., ராத்திரி 5 மி.கி. அவசரத்துக்கு மிடாசோலம் மூக்கு ஸ்பிரே, சீட்டில் "3 பஃப்" னு இருக்கு. அது பாப்பா 8 கிலோ இருந்தப்ப எழுதினது.

கேட்க வேண்டியது நிறைய இருக்குங்க. வலிப்பு நிக்கலைன்னா சித்தூர் போறதா, பாலக்காடு போறதா, வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூரே போயிடறதா? போற இடத்துல வேற ஏதாவது ஊசி போட்டுட்டா என்ன ஆகும்? மார்ச், ஏப்ரல் வெயிலை எப்படிச் சமாளிக்கறது? 16 மாசத் தடுப்பூசி இன்னும் போடலை, போடலாமா? கீட்டோ டயட் இப்பவே வேணுமா? வீட்டில தமிழ், வெளிய மலையாளம். ரெண்டு பாஷை பேசினா பேச்சு வர இன்னும் லேட்டாகும்ங்கறாங்க, நெஜமா?

கோவை_வார்டு_சிஸ்டர்:

முதல்ல ஸ்பிரே. மூக்குவழி மிடாசோலம் பொதுவா கிலோவுக்கு 0.2 மி.கி. 8 கிலோவுக்கு 1.6 மி.கி., பஃப்புக்கு 0.5 மி.கி. வர்ற ஸ்பிரேன்னா 3 பஃப், அது அப்ப சரி. 10.2 கிலோவுக்கு 2 மி.கி.க்குக் கொஞ்சம் மேல வருது, அதாவது 4 பஃப். பழைய சீட்டுப்படி அடிச்சா மருந்து பத்தாது, அப்புறம் "ஸ்பிரே வேலை செய்யலை"ன்னு நெனைச்சுக்குவீங்க. நீங்களா கூட்ட வேண்டாம், இந்த வாரமே டாக்டர்கிட்ட புது எடை சொல்லிச் சீட்டை மாத்தி எழுதி வாங்குங்க. ரெண்டு வயசு வரைக்கும் மாசம் ஒரு தடவை எடை பாருங்க, ஒரு கிலோ ஏறினா எல்லா மருந்தையும் மறுபடி கணக்குப் பாக்கச் சொல்லுங்க. பஃப்புக்கு 1.25 மி.கி. வர்ற ஸ்பிரேயும் கடையில இருக்கு. புது பாட்டில் வாங்கறப்பெல்லாம் லேபிளைப் படிங்க. "4 பஃப்" ங்கிறதை அந்த பாட்டில்ல அடிச்சா ரெண்டரை மடங்கு போயிரும், மூச்சு அமுங்கிரும்.

புது பாட்டிலை முதல்ல காத்துல சில தடவை அழுத்தி, புகை மாதிரி வர்ற வரைக்கும் விட்டுட்டுத்தான் வைக்கணும். நாள் கணக்கா தொடாம இருந்தாலும் அப்படியே. இதைச் செய்யாட்டி முதல் ரெண்டு பஃப் வெறும் காத்து. பாட்டில் நிமிர்ந்து நிக்கணும், சாய்ச்சா உள்ள இருக்கற குழாய் மருந்தை இழுக்காது. மூக்குல சளி இருந்தா துடைச்சுட்டு, இடது வலதுன்னு மாத்தி மாத்தி அடிங்க. சளி அடைச்சுக் கெடக்கற நாளைக்குக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல விடற முறை இருக்கு, அதுக்கு அளவே வேற. அதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிடுங்க.

வலிப்பு ஆரம்பிச்சா முதல் வேலை போன்ல கடிகாரத்தைத் தட்டறது. மனசுக்குள்ள எண்ணற அஞ்சு நிமிஷம் நெஜத்துல ரெண்டு நிமிஷமா இருக்கும், இல்லைன்னா பத்தா இருக்கும். பக்கவாட்டுல படுக்க வைங்க, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்க, வாயில எதுவும் வேண்டாம். தண்ணி, விரல், ஸ்பூன் எதுவும். கையில இரும்புச் சாவி திணிக்கறது ரெண்டு பக்க எல்லையிலயும் இருக்கற பழக்கம். அதனால ஒண்ணும் ஆகறதில்ல, நேரம்தான் போகுது. சொந்தக்காரங்க யாராவது சாவியோட வந்தா அவங்களை வாசல்ல வண்டி வருதான்னு பாக்கச் சொல்லி அனுப்புங்க.

5 நிமிஷத்துல ஸ்பிரே. உங்க பாப்பாவுக்கு ஏற்கெனவே 25 நிமிஷம் போயிருக்கறதால, அதுக்கும் முன்னாடியே அடிக்கச் சொல்லுவாங்களான்னு டாக்டரைக் கேளுங்க, சில குழந்தைகளுக்கு அப்படி எழுதுவாங்க. அடிச்ச நேரத்தைக் கையிலயே பேனாவால எழுதிக்குங்க. ரெண்டாவது தடவை அடிக்கறது டாக்டர் எழுதிக் குடுத்திருந்தா மட்டும். அதுக்குக் காரணம் இருக்கு. ஆஸ்பத்திரியில முதல்ல போடறதும் இதே குடும்ப மருந்துதான், லோராசெபமோ மிடாசோலமோ. வீட்டில அடிச்சதைச் சொல்லாம விட்டா கணக்கு ஏறி மூச்சு நிக்கற நிலைமை வரும்.

எங்க போறதுன்னா, முதல் வலிப்புக்கு எல்லை தாண்டற யோசனையே வேண்டாம். 15, 20 நிமிஷத்துக்குள்ள எட்டற, ஆக்சிஜனும் குழந்தைக்கு நரம்பூசி போடத் தெரிஞ்ச ஆளும் ராத்திரியிலயும் இருக்கற இடம் எதுவோ அதுதான் உங்க ஆஸ்பத்திரி. அங்க நிறுத்தி, மூச்சு நிலையான பிறகு பெரிய இடத்துக்கு மாத்தலாம். ஓடற கார்ல வலிக்கற குழந்தையை மடியில வெச்சுட்டு ஒரு மணி நேரம் போறதுதான் ஆபத்து. இப்பவே ஒரு நாள் பகல்ல நேர்ல போய்க் கேளுங்க: குழந்தைங்க ஐ.சி.யூ. இருக்கா, ராத்திரி டியூட்டியில யாரு, வால்ப்ரோயேட் இல்ல லெவெடிராசெட்டம் ஊசி ஸ்டாக் இருக்கா. 108 ரெண்டு மாநிலத்துக்கும் ஒரே நம்பர்தான். ஆனா எல்லையோரத்துல செல்போன் டவர் சில நேரம் அந்தப் பக்கத்து மாநிலத்தைப் பிடிக்கும், எடுத்த உடனே ஊரும் ஜில்லாவும் சொல்லுங்க.

பொள்ளாச்சி_பார்மசி:

"வேற ஊசி போட்டுட்டா" ங்கிற கேள்விதான் இதுல பெரிய கேள்வி. ஏன்னு தெரிஞ்சா நீங்களே யாருக்கும் சொல்லிரலாம்.

எஸ்.சி.என்.1ஏ ஜீன் செய்யறது மூளை நரம்புல சோடியம் போற ஒரு வாசல். அந்த வாசல் அதிகமா இருக்கறது, மத்த நரம்புகளை அடக்கி வைக்கற நரம்புகள்ல. அதாவது பிரேக்குல. டிராவெட்ல அந்த பிரேக் ஏற்கெனவே பாதிதான் பிடிக்குது. வலிப்புக்குன்னு சாதாரணமா குடுக்கற பல மருந்து இதே சோடியம் வாசலை அடைச்சுத்தான் வேலை செய்யும். மத்த குழந்தைக்கு அது நல்லது. இங்க மிச்சமிருக்கற பாதி பிரேக்கையும் எடுத்துரும்.

அதனால தினசரி மருந்தா வரக்கூடாதது: கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லாமோட்ரிஜின், பெனிட்டாய்ன், லாக்கோசமைடு. வைகாபாட்ரின் வேற வகை, ஆனா அதுவும் தவிர்க்கற லிஸ்ட்லதான். இதுல பெனிட்டாய்ன்தான் கவனம். நிக்காத வலிப்புக்கு எந்த ஆஸ்பத்திரி டிராலியிலயும் கைக்கு எட்டற ஊசி அது. டியூட்டி டாக்டர் தப்புப் பண்றார்னு இல்லைங்க, அவர் வழக்கமான வரிசைப்படி போறார். குழந்தைக்கு என்னன்னு அவருக்குத் தெரியாது. ஒரு தாள்தான் அதைத் தெரிய வைக்கும். உங்க நியூராலஜிஸ்ட் லெட்டர்பேடுல, ஒரே பக்கம், டாக்டருங்களுக்கு இங்கிலீஷ்ல: நோயின் பேரு, ஜீன், இன்றைய எடை, தினசரி மருந்து, வீட்டில குடுத்த ஸ்பிரே அளவு, முதல்ல எந்த ஊசி, நிக்கலைன்னா அடுத்தது எது, எதைப் போடக் கூடாது, நியூராலஜிஸ்ட் போன் நம்பர். சீல் இல்லாத தாளை ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் நம்ப மாட்டாங்க.

இன்னொண்ணு, பெரிய டாக்டருங்களே சில நேரம் மறக்கறது. வால்ப்ரோயேட் போயிட்டிருக்கற குழந்தைக்கு மெரோபெனெம் வகை ஆன்டிபயாட்டிக் போட்டா, ரத்தத்துல வால்ப்ரோயேட் அளவு ஒண்ணு ரெண்டு நாள்லயே சரிஞ்சிரும். நிமோனியாவுக்கு அட்மிட் ஆன குழந்தைக்கு மூணாவது நாள் வலிப்பு அடுக்கடுக்கா வந்தா, காய்ச்சல்னாலதான்னு நெனைப்பாங்க. காரணம் இதாவும் இருக்கலாம். அந்தத் தாள்ல இதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க.

காய்ச்சல் மருந்து: பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., பாப்பாவுக்கு 150 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருக்கா. இப்ப வீட்டில இருக்கற பாட்டிலைப் பாருங்க. சொட்டு மருந்து 1 மி.லி.யில் 100 மி.கி.ன்னா 1.5 மி.லி. சிரப் 5 மி.லி.யில் 125ன்னா 6 மி.லி. 5 மி.லி.யில் 250ன்னா 3 மி.லி. சிரப்புன்னு நெனைச்சுச் சொட்டு மருந்தை 6 மி.லி. குடுத்தா 600 மி.கி. உள்ள போயிரும். வால்ப்ரோயேட் ஏற்கெனவே கல்லீரலைக் கண்காணிக்க வேண்டிய மருந்து, அதுமேல இது சேரக்கூடாது. வீட்டில ஒரே ஒரு வகை பாராசிட்டமால் மட்டும் வெச்சுட்டு மத்ததைத் தூக்கிப் போடுங்க. மெஃபனமிக் ஆசிட் வேண்டாம், அளவு கூடினா அதுவே வலிப்பு கெளப்பும். மழைக்காலத்துல டெங்கு இருக்கறப்ப ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

சளி சிரப்பு கேட்டுக் கடைக்கே வராதீங்க. குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலந்த சிரப்பு நாலு வயசுக்குக் கீழ குடுக்கறதே கூடாது, வலிப்புக் குழந்தைக்கு இன்னும் கூடாது. மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு போதும்.

கடைசியா இந்தப் பக்கத்துப் பழக்கம்: நெஞ்சுச் சளிக்குத் தேங்காய் எண்ணெயில கற்பூரம் காய்ச்சித் தேய்க்கறது, தலையணையில நீலகிரித் தைலம் விடறது. கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் தோல் வழியாவும் மூச்சு வழியாவும் போய் வலிப்பைத் தூண்டும். டிராவெட் இல்லாத குழந்தைக்கே. பாட்டி வீட்டிலயும் சொல்லி வைங்க. "பச்சைக் கற்பூரம்தானே" ம்பாங்க, அதுவும் கற்பூரம்தான்.

கொழிஞ்சாம்பாறை_அம்மா:

பெனிட்டாய்ன் சமாச்சாரம் இப்பத்தான் புரியுதுங்க. வெயிலுக்கு ஏ.சி. போட்டா போதுமா? காய்ச்சல் வந்தா ஐஸ் தண்ணியில துடைக்கச் சொல்றாங்களே?

சிகிச்சை_மேஜை (பாலக்காடு):

ஐஸ் வேண்டாங்க. இங்க ரெண்டு விதமான சூட்டைப் போட்டுக் குழப்பிக்கறோம்.

காய்ச்சல்னா மூளையே உடம்புச் சூட்டை ஏத்தி வெச்சிருக்கு. வெளிய ஐஸ் வெச்சா உடம்பு நடுங்கும், நடுக்கத்துல சூடு இன்னும் ஏறும். அதுக்கு மருந்துதான், கூட மெல்லிசான துணி, ஃபேன். இவங்க மாதிரி குழந்தைக்கு 100 டிகிரி வரட்டும்னு காத்திருக்காம 99.5லயே ஆரம்பிக்கச் சில டாக்டருங்க சொல்வாங்க, கேட்டு வைங்க. வெயில்ல வெளையாடி வந்து உடம்பு கொதிக்கறது வேற. மூளை ஏத்தின சூடு இல்ல அது, வெளியில இருந்து ஏறினது. அதுக்குப் பாராசிட்டமால் குடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல. நிழல், சாதாரணக் குழாய்த் தண்ணியில நனைச்ச துணி, காத்து. டிராவெட் குழந்தைக்கு ரெண்டுமே வலிப்பைக் கொண்டு வரும், வைத்தியம் மட்டும் வேற வேற.

மார்ச், ஏப்ரல்ல பாலக்காட்டுல 40 டிகிரி தொடறது புதுசில்ல. நம்ம பக்கத்துக்கு ஒரு சாதகம் உண்டு. கணவாய்க் காத்து வறண்டது. பருத்தி பனியனை நனைச்சு, சொட்டாத அளவுக்குப் பிழிஞ்சு போட்டு ஃபேனுக்குக் கீழ உக்கார வெச்சா, தண்ணி ஆவியாகறப்ப சூட்டை எடுத்துட்டுப் போயிரும். அரை மணி நேரத்துல காஞ்சிரும், மறுபடி நனைக்கணும். காயறதுதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஜூன்ல எடவப்பாதி மழை பிடிச்சா இதே பனியன் காயவே காயாது, சும்மா ஈரத்துல உக்காந்திருக்கும். அப்ப ஃபேனும் ஏ.சி.யும்தான். இந்தப் பனியன் முறையை ஆகாத காசு போட்டு வாங்கற "கூலிங் ஜாக்கெட்"டுக்குப் பதிலா தாராளமா நம்பலாம், மே மாசம் வரைக்கும்.

ஏ.சி. 26, 27ல வைங்க. 20ல வெச்சுட்டுக் குழந்தையைத் தூக்கிட்டு நேரா வாசலுக்கு வந்தா அந்த ஏத்தமே ஆகாது. திண்ணையிலயோ நடையிலயோ பத்து நிமிஷம் உக்காந்துட்டு வெளிய வாங்க. காரை வெயில்ல நிறுத்தியிருந்தா, கதவு திறந்து சூடு போன பிறகுதான் குழந்தை ஏறணும். ஸ்பிரே பாட்டிலைக் கார்லயே விட்டு வைக்காதீங்க. வெளிய போறது காலை எட்டுக்கு முன்னாடி, சாயங்காலம் அஞ்சரைக்கு மேல. மொட்டை மாடிக்கு நேர்க் கீழ இருக்கற ரூம் ராத்திரி பத்து மணிக்கும் அடுப்பு மாதிரி இருக்கும், கீழ் ரூமுக்கு மாறிக்குங்க. கரண்ட் போனா ஒரு ஃபேனாவது ஓடற மாதிரி இன்வெர்ட்டர். ரூம்ல ஒரு தெர்மாமீட்டர் மாட்டிட்டு, வலிப்பு வந்த நாள்ல ரூம் சூடு எவ்வளவுன்னும் டைரியில எழுதுங்க. ரெண்டு மாசத்துல உங்க பாப்பாவோட எல்லைக்கோடு தெரிஞ்சிரும்.

குளியல்: எண்ணெய் தேய்ச்சுச் சுடுதண்ணியில ஊத்தறது வேண்டாம். அது குழந்தைக்குச் சட்டுனு சூடு ஏத்தற விஷயம். முழங்கையால தொட்டா சூடும் இல்லாம குளிரும் இல்லாம இருக்கற தண்ணி, கால்ல இருந்து ஆரம்பிச்சு மேல, அஞ்சு நிமிஷத்துல முடிக்கணும். வாளி, டப், கிணத்தடி எங்கயும் ஒரு நொடி கூடத் தனியா விடக்கூடாது.

ஏப்ரல் ஆரம்பத்துல நெம்மாறை வல்லங்கி வேல திருவிழாவுக்குப் போகணும்னு குடும்பத்துல சொல்லுவாங்க. வெயில், கூட்டம், வெடிச் சத்தம், ராத்திரி முழிப்பு, பரபரப்பு, எல்லாத் தூண்டுதலும் ஒரே இடத்துல. இந்த வருஷம் விட்டுடுங்க. தூக்கம் கெடறது மட்டுமே போதும் சில குழந்தைக்கு. மினுக்கற சீரியல் லைட்டு, நெருக்கமான கோடு போட்ட துணியைப் பாத்து வலிப்பு வர்ற டிராவெட் குழந்தைகளும் உண்டு; உங்க பாப்பா ஃபேன் றெக்கை, ஜன்னல் கம்பி இதையெல்லாம் கண்ணெடுக்காம பாக்குதான்னு கவனிங்க.

தடுப்பூசி_புதன்:

சுருக்கமா. போடணும், தள்ளிப்போட வேண்டாம். இந்த நோய்ல முதல் வலிப்பு நிறையப் பேருக்குத் தடுப்பூசிக் காய்ச்சல்லதான் வரும், அதனாலதான் ஊசிமேல பழி. ஊசி நோயை உண்டாக்கறதில்ல, அது ஜீன்ல ஏற்கெனவே இருக்கு. அம்மை, கக்குவான் வந்தா அடிக்கற காய்ச்சல் ஊசிக் காய்ச்சலை விடப் பல மடங்கு.

16 முதல் 24 மாசத்துக்குள்ள டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) பூஸ்டரும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ரெண்டாவது டோஸும். காய்ச்சல் வர்ற நாள் ரெண்டுக்கும் வேற. டி.பி.டி.க்கு முதல் ரெண்டு நாள். எம்.ஆர்.க்கு ஊசி போட்ட அன்னைக்கு ஒண்ணுமே இருக்காது, ஏறக்குறைய 5ஆம் நாள்ல இருந்து 12ஆம் நாள் வரைக்கும் எப்ப வேணா வரலாம். "ஊசி போட்டு ஒரு வாரமாச்சே"ன்னு அசந்திருக்கறப்பதான் வரும். காலண்டர்ல அந்த நாளெல்லாம் வட்டம் போடுங்க, அந்த நாள்ல பயணம், கல்யாணம் வேண்டாம். ரெண்டையும் ஒரே நாள்ல போடறதா தனித்தனியா போடறதா, காய்ச்சல் குறைவா வர்ற அசெல்லுலார் வகை டி.பி.டி. வாங்கறதா, அந்த ரெண்டு மூணு நாள் கிளோபசம் கொஞ்சம் கூட்டறதா, இந்த மூணு கேள்விக்கும் நியூராலஜிஸ்ட் பதிலை எழுத்துல வாங்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. வெயில் ஏறற ஏப்ரல்ல ஊசிப் புதன்கிழமை வேண்டாம், பிப்ரவரிப் புதன்கிழமையே போதும்.

எடைத்தராசு:

கீட்டோ பத்தி, அதாவது கொழுப்பை ஏத்தி மாவுச்சத்தை ரொம்பக் குறைக்கற வலிப்புச் சாப்பாடு. இப்பவே தேவையில்லைன்னு நினைக்கிறேன். வால்ப்ரோயேட், கிளோபசம் சரியான அளவுக்குப் போய், அதுக்கப்புறமும் நீளமான வலிப்பு வந்தா, ஸ்டிரிபென்டால் அல்லது டோபிராமேட் மருந்து சேர்க்கறதும் கீட்டோவும் அடுத்த படி. ஆனா அது என்னன்னு இப்பவே தெரிஞ்சு வைக்கறது நல்லது. ஏன்னா யூடியூப் பாத்து வீட்டிலேயே ஆரம்பிக்கறவங்க இருக்காங்க.

கீட்டோவுல 3:1னு ஒரு விகிதம் சொல்லுவாங்க. அப்படின்னா புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராமுக்குக் கொழுப்பு 3 கிராம். அந்த 4 கிராம்ல வர்ற சக்தி 27 + 4 = 31 கலோரி. பாப்பாவுக்கு ஒரு நாளைக்கு 900 கலோரின்னு வெச்சா 29 பங்கு. கொழுப்பு 87 கிராம், புரதமும் மாவும் சேர்ந்து 29 கிராம். அந்த 29ல வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் போனா மாவுச்சத்துக்கு மிஞ்சறது ஒரு கைப்பிடிச் சோத்துக்கும் கம்மி. முட்டை, தேங்காய் எண்ணெய், கெட்டித் தேங்காய்ப்பால், நெய், பன்னீர், கீரை, வெள்ளரிக்காய் இதுக்குள்ளதான் சுத்தணும். அங்கன்வாடியில குடுக்கற அமிர்தம் பொடியில கோதுமையும் சர்க்கரையும் இருக்கு, அது ஆகாது. பாப்பாவோட வால்ப்ரோயேட் சிரப்புல சர்க்கரை இருக்கலாம், லேபிள் பாருங்க. அளவை மாத்தாம வேற வடிவத்துக்கு மாத்த முடியுமான்னு கேக்கணும். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் டிரிப் ஏத்தினா ஒரே நாள்ல கீட்டோன் (கொழுப்பு எரியறப்ப ரத்தத்துல வர்றது) போயிரும், வலிப்புக்கு எதிரான பாதுகாப்பு போயிரும். டோபிராமேட்டோட சேர்ந்தா சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, உடம்பு கொழுப்பை எரிக்க முடியாத சில பிறவிக் குறைகள் இல்லைன்னு ரத்தப் பரிசோதனையில உறுதி பண்ணணும். அதனால 1 கிராம் காட்டற தராசும், கணக்குப் போடற டயட்டீசியனும் இல்லாம தொடாதீங்க.

ஸ்டிரிபென்டால் வந்தா ரெண்டு விஷயம். வெறும் வயித்துல குடுக்கக் கூடாது, ஆனா பால், தயிர், பழச்சாறோட சேர்த்தும் கூடாது. ஒரு வாய் சாதத்தோட சரி. அது கிளோபசம் அளவை ரத்தத்துல ஏத்தி விடும், குழந்தை தூங்கி வழியும், சாப்பிடாது. மருந்து ஒத்துக்கலைன்னு நிறுத்திராதீங்க, கிளோபசத்தைக் குறைக்க வேண்டிய நேரம் அது. சாதாரணக் கடையில கிடைக்காது, பல வாரம் முன்னாடியே ஏற்பாடு பண்ணணும்.

சிகிச்சை_மேஜை (பாலக்காடு):

பாஷை கேள்வியை யாரும் தொடலை. ரெண்டு பாஷையால பேச்சு தாமதமாகாது. டிராவெட்ல ஒண்ணு ரெண்டு வயசுக்கு மேல வளர்ச்சி மெதுவாகறது நோயோட போக்கு. வீட்டுத் தமிழை நிறுத்திட்டு, நீங்களே திணறித் திணறி மலையாளம் பேசினா குழந்தைக்குக் கிடைக்கற பேச்சுதான் குறையும். தாலாட்டு, சோறு ஊட்டறது, திட்டறது எல்லாம் தமிழ்லயே இருக்கட்டும். தெரபிஸ்ட்டுக்கு மட்டும் ஒரு தாள்ல பாப்பா புரிஞ்சுக்கற தமிழ் வார்த்தைகளை எழுதிக் குடுங்க. "வா", "தா" ரெண்டு பாஷைக்கும் பொது, அங்க இருந்து ஆரம்பிப்பாங்க. சித்தூர் தாலுகாவுல தமிழ்வழிப் பள்ளிக்கூடமே இருக்கு, பின்னால பாத்துக்கலாம்.

தெரபிக்கு வலிப்பு கட்டுப்படட்டும்னு காத்திருக்காதீங்க. மாவட்டத்துல அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு, டி.இ.ஐ.சி.ன்னு கேளுங்க, 18 வயசு வரைக்கும் இலவசம். ஆழமான மதிப்பீட்டுக்கு இரிஞ்சாலக்குடா பக்கம் கல்லேட்டுங்கரையில நிப்மர்ங்கற அரசு மறுவாழ்வு நிலையம் இருக்கு. வலிப்புக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா, ராத்திரி ரயில்ல தூக்கம் கெட்டு இறங்கின அன்னைக்கே ஓ.பி. வைக்காதீங்க, ஒரு நாள் இடைவெளி விடுங்க.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகையில வலிப்பு நோய்னு தனியா இல்ல. வலிப்பை மட்டும் காட்டினா திருப்பி அனுப்புவாங்க. வளர்ச்சி மதிப்பீட்டு ரிப்போர்ட்டோட போனா, அஞ்சு வயசு வரைக்கும் தற்காலிகச் சான்றிதழ் வாங்க வழி உண்டு. யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை நாடு முழுக்கச் செல்லும், உதவித்தொகை அப்படியில்ல. விலாசம் எந்த மாநிலமோ அங்கதான். கேரளாவுல பராமரிக்கறவருக்கு ஆஸ்வாசகிரணம்னு மாச உதவித்தொகை. தமிழ்நாட்டுல பராமரிப்புத் தொகைன்னு வேற, ரெண்டுக்கும் இப்ப எவ்வளவுன்னு கேட்டுக்குங்க. இதுக்காக ரேஷன் கார்டை எல்லை தாண்டி மாத்தறவங்க, டி.இ.ஐ.சி. தெரபி, ஆஷா அக்கா வர்றது, இலவச மருந்து இதெல்லாம் எந்தப் பக்கம் இருக்குன்னு கூட்டிப் பாத்துட்டு மாத்துங்க.

பொள்ளாச்சி_பார்மசி:

ஸ்டாக் பத்திச் சொல்ல விட்டுட்டேன். கிளோபசம் திடீர்னு நின்னாலே வலிப்பு வரும், டிராவெட் இல்லாதவங்களுக்கும். ஹர்த்தால், மழை, டிஸ்ட்ரிபியூட்டர் கிட்ட தீர்ந்து போறது எல்லாத்துக்கும் சேர்த்து ரெண்டு வாரத்து மருந்து எப்பவும் கையிருப்பு வேணும். கம்பெனி மாத்தித் தர்றேன்னா டாக்டரைக் கேக்காம வாங்காதீங்க. சிரப்பை ஸ்பூன்ல அளக்காதீங்க, 5 மி.லி. ஊசியில்லாத சிரிஞ்ச். 3.5ன்னா உள்ள தள்ளற தண்டோட கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு 3.5 அளவுல நிக்கணும்.

கோவை_வார்டு_சிஸ்டர்:

ராத்திரி பத்தி ஒருத்தரும் எழுதலை, கஷ்டமான விஷயம்தான், ஆனாலும் சொல்லணும். வலிப்பு நோய் உள்ளவங்க தூக்கத்துல திடீர்னு இறந்து போறது டிராவெட்ல மத்த வலிப்பை விட அதிகம். பயமுறுத்த எழுதலை. செய்யக்கூடியது இருக்கு: ஒரே ரூம், கை எட்டற தூரம், கெட்டியான மெத்தை, தலையணை வேண்டாம், குப்புறப் படுத்தா திருப்பி விடறது. விரல்ல மாட்டற பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கறாங்க. ஒரு வயசுக் குழந்தை விரல்ல அது நிக்காது, ராத்திரி பத்து தடவை பொய்யா அலறும், நாலாவது நாள் நீங்களே அணைச்சுருவீங்க. டாக்டர் சொன்னா பாதத்துல ஒட்டற வகை வாங்கலாம். அப்புறம் அப்பா, பாட்டி, நீங்க மூணு பேரும் குழந்தை மூச்சுக் குடுக்கற முதலுதவி கத்துக்குங்க, ஒரு மத்தியானம் போதும்.

கொழிஞ்சாம்பாறை_அம்மா:

புதன்கிழமை டாக்டரைப் பாக்கப் போறேங்க. புது எடை, ஸ்பிரே, தாள், தடுப்பூசிக் கேள்வி மூணு, எல்லாம் எழுதிட்டேன். தாளை எங்க வைக்கறது?

கோவை_வார்டு_சிஸ்டர்:

நாலு பிரதி. ஸ்பிரேயோட ஒரே பையில ஒண்ணு, லேமினேட் பண்ணி. ஃப்ரிட்ஜ் கதவுல ஒண்ணு. பாட்டி வீட்டில ஒண்ணு. உங்க போன்லயும் அவர் போன்லயும் போட்டோவா ஒண்ணு, வாட்ஸ்அப்ல தேட வேண்டி வராம தனியா சேமிச்சு. பக்கத்து வீட்டுக்கும், வண்டி ஓட்டறவருக்கும் அஞ்சு வரியில மலையாளத்துல எழுதிக் குடுங்க, அதுல "அபஸ்மாரம்"னு (மலையாளத்துல வலிப்பு நோய்) இருக்கட்டும், டிராவெட்ங்கற பேரு அவங்களுக்குப் புரியாது. பழைய "3 பஃப்" சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசை வைங்க. ரெண்டும் ஒரே பையில கிடந்தா அவசரத்துல கைக்கு வர்றது பழசுதான்.